மன்னார்க் கரையும் மனிதனின் பதிவேடும்



தகவல் பற்றிய சட்டம் என்றதும், அது கொழும்பு நகரத்து வழக்கறிஞர்களும் கணினி வல்லுநர்களும் பேசுதற்குரிய பொருள் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கைத்தொலைபேசியும் இணையமும் வந்த பின்னரே இப்பொருள் பிறந்தது என்றும் கருதுகின்றோம். இவ்விரு எண்ணங்களும் பொருந்தா. ஒரு மனிதனைப் பற்றிய செய்தியை எவர் எழுதிவைப்பது, எழுதியதை எவர் பார்ப்பது, அதிற் பிழை நேர்ந்தால் எவர் திருத்துவது என்னும் வினாக்கள் மிகப் பழையவை. அவ்வினாக்களுக்காக நம் நாட்டிலே பெருவிலை கொடுத்த இடங்களுள் ஒன்று மன்னார்த் தீவும் அதனையடுத்த கரையுமாகும். அக்கரையினின்று வந்தோரும் இக்கரையினின்று போனோரும் கடந்து சென்ற வாயில் அது. வாயில் உள்ள இடத்திற் காவலன் இருப்பான். காவலன் இருக்கும் இடத்தில் ஏடும் இருக்கும். அந்த ஏட்டின் வரலாற்றையே இன்று உங்கள் முன் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். மன்னார்ப் பெருநிலத்திலே, திருக்கேதீச்சரம் விளங்கும் இடம் பண்டைக்காலத்தில் மாதோட்டம் எனப் பெயர் பெற்ற பெருந்துறைமுகம். சோழர் இலங்கையின் வடபகுதியை ஆண்ட காலத்தில் அது இராசராசபுரம் என்றும் வழங்கிற்று. சோழநாட்டிலிருந்து வந்த தாழி குமரன் என்பான் அங்கே இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். அக்கோயிலுக்கென அவன் செய்த ஏற்பாடுகளைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகின்றது. இக்கல்வெட்டிலே நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயிலுக்கு உரியது எது, அதைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பன கல்லில் வெட்டப்பட்டு, வருவோர் போவோர் கண்ணிற் படும்படி நிறுத்தப்பட்டன. பொதுச்சொத்தைக் கையாளுவோர் ஊரறியக் கையாள வேண்டும் என்பதே அதன் கருத்து. தொண்டைநாட்டு உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளும் இதே நெறியைச் சேர்ந்தவை. ஊர்வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவன் என்ற விதியை அவை கல்லிலேயே எழுதிவைத்தன. ஆளுவோரின் செய்தி கல்லில் இருந்தது. ஒரு குடும்பத்தின் செய்தியோ அவரவர் வீட்டுப் பெட்டகத்து ஓலையில் இருந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றேன்.

காலம் மாறிற்று. 1560 ஆம் ஆண்டில் மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஐரோப்பியர் தம்முடன் கொணர்ந்த பொருள்களுட் பீரங்கியைப் பற்றிப் பலரும் பேசுவர்; பதிவேட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தோம்பு என்னும் சொல் இன்றும் நம் காணி உறுதிகள் பற்றிய பேச்சில் வழங்குகின்றது. காணித் தோம்பு நிலத்தையும் அதற்குரியோரையும் எழுதிற்று. பாடசாலைத் தோம்போ ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிற்று. ஒல்லாந்தருடைய சமயம் புரட்டஸ்தாந்து சமயம். மன்னார்க் கரை மக்களோ அதற்கு நூறாண்டுக்கு மேலாகக் கத்தோலிக்கத்தில் ஊன்றி நின்றவர்கள். 1544 ஆம் ஆண்டிலேயே அந்தச் சமயத்துக்காக உயிர் கொடுத்தோரின் வழிவந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடை செய்தனர். அரசாங்கத் தோம்பில் ஏறாத திருமணத்தின் செல்லுபடியும், அதன்வழிப் பிறந்த பிள்ளைகளின் முதுச உரிமையும் ஐயத்துக்கு உள்ளாயின. ஆகவே, வீட்டிலே ஒரு சமயமும் ஏட்டிலே மற்றொரு சமயமுமாகப் பலர் வாழ நேர்ந்தது.

இதனை நாம் இன்றைய மொழியிற் சொல்வதாயின், ஒருவனுடைய மனச்சாட்சிக்குரிய செய்தியை அரசு தன் ஏட்டிற்குக் கேட்டது. அவ்வேட்டில் இருந்தாலன்றிச் சொத்துரிமை இல்லை என்றது. அந்தரங்கம் என்னும் சொல்லை அக்காலத்து மன்னார்வாசிகள் சட்டப்பொருளில் அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அது பறிபோனபோது எவ்வாறிருக்கும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் காலத்தில் அரிப்பிலே முத்துக்குளிப்பு நிகழ்ந்தபோது, குளித்தெடுத்த சிப்பிகள் அரசாங்கத்துக் கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டு எண்ணப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு; எஞ்சியது குளிப்போர்க்கு. சிப்பியை இத்துணைக் கருத்தாக எண்ணிய அரசு, அதே கரையிலே வந்திறங்கிய மனிதரை எவ்வாறு எண்ணிற்று என்பதுதான் நம் வரலாற்றின் அடுத்த பகுதி.

கோப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் மலைநாட்டிலே தோன்றிய காலத்தில், இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் படகேறித் தலைமன்னாரிலும் அரிப்பை அண்டிய கரையிலும் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை நடந்தனர். நீரின்றியும் நோயினாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உயிருடன் சென்று சேர்ந்தவர்களுக்கோ ஓர் ஏடு காத்திருந்தது. அதன் பெயர் துண்டு.

துண்டு என்பது ஒரு சிறு கடிதம். இன்ன தொழிலாளர் இவ்வளவு கடன்பட்டிருக்கின்றனர், அக்கடனைத் தீர்ப்போர்க்கு இவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது அது. கங்காணியின் கையில் அது இருக்கும். அத்துண்டு இன்றி மற்றொரு தோட்டத்திற் பெயர் பதிதல் இயலாது. தொழிலாளி வாங்கிய முற்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பன அவனுக்குத் தெரியா. அவனைப் பற்றிய கடிதம் அவன் அறியாத மொழியில், அவன் பார்க்கவியலாத பெட்டியில் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவன் மாறியபோது கடனும் மாறிற்று, கூடவும் செய்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் அதன் கீழ் உழைத்து மாய்ந்தன.

துண்டுக்கு ஒரு தம்பியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொழிலாளருக்குத் தகர வில்லை ஒன்று வழங்கும் முறை ஏற்பட்டது. அவ்வில்லையிலே தோட்டத்துக்குரிய குறியும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளி அதனைக் கயிற்றிற் கோத்து அணிந்துகொள்வான். வழிச்செலவை அரசாங்கம் முன்கூட்டிச் செலுத்தும். வில்லையின் எண்ணைப் பார்த்துத் தோட்டத்தாரிடம் அத்தொகையை அறவிடும். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலந்தொட்டு மண்டபம் முகாமிலே தொழிலாளர் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டு, பதியப்பட்டு, பின்னரே கப்பலேற்றப்பட்டனர். சரக்குப் பொதியில் ஒட்டும் சீட்டுக்கும் மனிதன் கழுத்தில் தொங்கும் வில்லைக்கும் உள்ள வேறுபாடு அக்காலத்து அலுவலர் பலருக்குப் புலப்பட்டதாகத் தெரியவில்லை. நிருவாகத்துக்கு அது மிக வசதியான முறை என்பதில் ஐயமில்லை. தகவற்சட்டத்தின் வரலாற்றிலே இச்சொல்லை நாம் மீண்டும் மீண்டும் சந்திப்போம். ஏறத்தாழ ஒவ்வொரு கேடும் முதலில் வசதி என்ற பெயரிலேயே வந்திருக்கின்றது.

இனி, ஏட்டின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பதிவில் இருப்பது ஒரு சுமையாயின், பதிவில் இல்லாமை அதனினும் பெருஞ்சுமையாதல் உண்டு. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 1948 இல், 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டது. மண்ணைக் கொத்தியவர்களிடம் கடதாசி கேட்கப்பட்டது. பிள்ளைகள் பலரின் பிறப்புப் பதியப்படவில்லை. வேலை செய்த நாள்களை எழுதிய செக்றோல் தோட்டத்துக் கந்தோரில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்டன. அவருட் குடியுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இலேயே தீர்க்கப்பட்டது. 1964 திசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில், 1984 இல் அச்சேவை நிற்கும் வரை, மலைநாட்டு மக்கள் திரள் திரளாகச் சென்றனர். பாட்டன் தகர வில்லையுடன் இறங்கிய அதே கரையிற் பேரன் கடவுச்சீட்டுடன் கப்பலேறினான். பாட்டனை அடையாளங் காட்டிய ஏடு, பேரனுக்கு வேண்டியபோது கிட்டவில்லை. நாடற்றவர் நிலைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு முடிவு கட்டியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வு கடதாசியிலே தொங்கி நின்றது.

நேயர்களே, இவ்வளவும் பழங்கதை என்று தள்ளிவிடாதிருக்க, நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் உள்ள அட்டையை எடுத்துப் பார்ப்போம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. பழைய அட்டையின் எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்நாளோடு ஐந்நூறு கூட்டப்படும். 1962 மார்ச் 15 இற் பிறந்த பெண்ணின் எண் 62575 என்று தொடங்கும். 2016 முதல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது; ஆண்டு நான்கு இலக்கமாக முழுமையாக எழுதப்பட்டது. ஆக, கடையிலோ வங்கியிலோ கண்டிப்பாகக் கேட்கும் ஒருவரிடம் நாம் வெறும் எண் என்று எண்ணிச் சொல்வது, நம் வயதும் பிறந்தநாளும் பாலும் அடங்கிய செய்தியாகும். எண் பேசாது என்று நினைக்கின்றோம்; படிக்கத் தெரிந்தவனுக்கு அது பேசும்.

அட்டையின் மொழியும் ஒரு காலத்திற் பேசிற்று. நெடுங்காலம், வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்ட அட்டையிலேயே தமிழும் சிங்களமும் ஒருங்கு இருந்தன. ஏனைய மாகாணங்களில் வழங்கப்பட்ட அட்டையிற் சிங்களம் மட்டுமே இருந்தது. நாடெங்கும் இருமொழியில் வழங்கும் முறை பிற்காலத்திலேதான் வந்தது. போர்க்காலத்துச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியவுடனே, அதில் எழுதியதை வாசிக்கு முன்னரே, அவன் எப்பகுதியைச் சேர்ந்தவன் என்பது தெரிந்துவிட்டது. அட்டையை ஆக்கியோர் அந்நோக்குடன் ஆக்கினர் என்று நான் சொல்லவில்லை. ஒரு பயனுக்காகத் திரட்டிய செய்தி மற்றொரு பயனுக்கு உதவிவிடும் என்பதே இங்குக் கற்கவேண்டிய பாடம். அப்பாடத்தை வடபுலத்து மக்கள் வெயிலில் வரிசையாக நின்று கற்றனர்.

போர், ஏட்டையே கிழித்தெறிந்த காலமும் உண்டு. 1871 முதல் இந்நாட்டிற் குடிமதிப்பு ஒழுங்காக எடுக்கப்பட்டு வந்தது. 1981 க்குப் பின் 1991 இல் எடுக்கப்படவில்லை. 2001 இல் எடுத்தபோது மன்னார் உட்பட வடகிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் அது நிறைவுறவில்லை. 2012 இலேதான் மன்னார் மக்கள் முழுமையாக எண்ணப்பட்டனர். 1981 இல் ஓர் இலட்சத்து ஆறாயிரத்துக்கு மேலிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, முப்பத்தோராண்டு கழித்து ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. அந்தக் குறைவினுள் எத்தனை கதைகள்! 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரையில் அகதிகளான முஸ்லிம் மக்கள் அதிலடங்குவர். இரவிலே படகேறி இராமேசுவரம் சென்று முகாம்களில் வாழ்ந்த தமிழ் மக்களும் அடங்குவர். ஊர் ஒரு மாவட்டத்தில், பதிவு மற்றொரு மாவட்டத்தில், வாழ்வு வேறொரு நாட்டில் என்றிருந்தோர்க்கு, வாக்காளர் இடாப்பில் ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

இவ்விடத்தில் மன்னார் ஆயராயிருந்து 2021 இல் மறைந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை செய்த ஒரு கழித்தற் கணக்கைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 2011 ஜனவரியிற் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் தோன்றினார். வன்னியில் 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வாழ்ந்தோர் 4,29,059 பேர் என்று கச்சேரிப் பதிவுகள் கூறின. 2009 ஜூலை 10 வரையில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குக் கூறிற்று. எஞ்சிய 1,46,679 பேர் என்னவானார்கள் என்று அவர் வினவினார். அத்தொகையின் பொருள் பற்றி வாதங்கள் எழுந்தன. பதிவுகளின் சரி பிழை பற்றியும் பேசப்பட்டது. ஆயினும், வினா எழுப்பிய முறை கருதத்தக்கது. அரசாங்கத்தின் பதிவேட்டையே கையிலெடுத்து, இதற்கு விடை தருக என்று ஒரு குடிமகன் கேட்ட நிகழ்ச்சி அது. அன்று அவ்வாறு கேட்போருக்கு விடை கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இந்நாட்டில் இருக்கவில்லை.

அச்சட்டம் ஐந்தாண்டுக்குப் பின் வந்தது. உலகில் இதற்கு முன்னோடி சுவீடன். அங்கே 1766 ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஆவணங்களைக் குடிகள் பார்க்கலாம் என்று சட்டஞ் செய்தனர். இந்திய மாநிலங்களுள் முதன்முதல் இத்தகைய சட்டத்தை 1997 இல் நிறைவேற்றியது தமிழ்நாடு என்பது நாம் மகிழத்தக்க செய்தி. இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் 19 ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பில் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிரதேச செயலகமாயினும் அமைச்சாயினும், தகவல் கேட்ட குடிமகனுக்குப் பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று வினவ அலுவலருக்கு உரிமையில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதனை எழுத்தாக்க அலுவலரே உதவுதல் வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு உண்டு. காற்றாலை வந்தாலும் கனியமணல் அகழ்வாய்வு வந்தாலும், எங்கள் கரையில் என்ன நடக்கப்போகின்றது என்று மன்னார்க் கடற்றொழிலாளி இனி எழுத்திற் கேட்கலாம். மாதோட்டத்துக் கல்லின் நெறி ஆயிரம் ஆண்டுக்குப் பின் சட்டமாகத் திரும்பியது என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும், கல்லின் நெறி மட்டும் போதாது. ஓலைப் பெட்டகத்தின் நெறியும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவே இதனை ஏற்கின்றது. பொதுப்பணியுடன் தொடர்பற்ற ஒருவரது தனிப்பட்ட செய்தியை, பெரும் பொதுநலன் இருந்தாலன்றி, வெளியிட மறுக்கலாம் என்பது அதன் கருத்து. எனினும் நம் அரசியலமைப்பு அந்தரங்கத்தை ஒரு தனி அடிப்படை உரிமையாக எடுத்துக் கூறவில்லை. தகவல் உரிமைக்குரிய வரம்புகளுள் ஒன்றாகவே அச்சொல் அங்கு வருகின்றது. அயல்நாடாகிய இந்தியாவிலே, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி தொடுத்த வழக்கில், 2017 ஓகஸ்ட் 24 ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. ஆதார் அட்டை பற்றி எழுந்த வழக்கு அது.

இங்கே நம் பாராளுமன்றம் 2022 மார்ச்சில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றிற்று. அதன் சாரம் எளியது. எதற்காகக் கேட்கின்றாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேண்டிய அளவுக்கு மேல் திரட்டாதே, திரட்டியதைப் பிழையின்றி வை, வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திராதே, உரியவர் கேட்டால் காட்டு, பிழையெனின் திருத்து. துண்டைக் கங்காணியின் பெட்டியில் வைத்து உழன்ற மனிதனுக்கு இந்த ஆறு வாக்கியங்கள் கிட்டியிருப்பின், அவன் வாழ்வு வேறாக அமைந்திருக்கும். இச்சட்டம் அரசுக்கும் பொருந்தும், தனியார்க்கும் பொருந்தும். ஆனால் இது நடைமுறைக்கு வரும் வேகம் மந்தமானது. அதிகாரசபை பற்றிய பகுதி 2023 ஜூலையில் நடைமுறையானது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டிற் சட்டமும் திருத்தப்பட்டது.

சட்டம் மெல்ல நடக்கையிற் பதிவேடு ஓடுகின்றது. 2022 ஜூலையில் எரிபொருள் கிடையாத நாள்களில், தேசிய எரிபொருள் அனுமதிக்காக அடையாள அட்டை எண், வாகன எண், அடிச்சட்டக எண் ஆகியவற்றைக் கைத்தொலைபேசி வழியே நாமெல்லோரும் பதிந்தோம். பதிலுக்குக் கியூஆர் குறியீடு பெற்றோம். வரிசை குறைந்தது உண்மை; அச்செய்திகளை எவர், எத்தனை காலம் வைத்திருப்பர் என்று அவ்வேளையில் வினவினோர் சிலரே. பசித்தவன் பத்திரத்தை வாசிப்பதில்லை. 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது, தெரிவானோரின் பட்டியல்கள் அலுவலகங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. தெரிவாகாதவர் மேன்முறையிடவும், தகுதியற்றவர் தெரிவானால் அயலார் ஆட்சேபிக்கவும் வழி செய்யப்பட்டது. பொதுப்பணம் எவர்க்குச் செல்கின்றது என்பதை ஊர் அறிவது நியாயமே. ஆனால் ஒரு விதவைத் தாயின் வறுமை ஊர்ச்சுவரில் ஒட்டப்படுவதும் அதே பட்டியலினாலேதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. எவ்வளவு ஒட்டுவது, எதை மறைப்பது என்பதை நிதானிப்பதிலேதான் நல்ல நிருவாகத்தின் திறமை உள்ளது.

பாடசாலை அதிபர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லலாம். மாணவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அதனை உறுதிப்படுத்தும் பொறுப்பு அதிபருக்கு உண்டு. பிறப்புச் சான்றிலே இராசையா, பாடசாலை இடாப்பிலே ராஜையா, தந்தையின் அட்டையிலே ஆங்கிலத்தில் வேறோர் எழுத்துக்கூட்டல் என வருவது எங்கள் பகுதியில் அரிதன்று. இடம்பெயர்ந்து, சான்றிதழை இழந்து, பின்னர் உத்தேச வயதிற் பதிவு பெற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு இத்தொல்லை மிகுதி. முன்னர் கடதாசி ஏடுகள் தனித்தனியே கிடந்தன. கிராம அலுவலர் மனிதரை அறிந்தவராதலால் ஒரு கடிதத்தால் வேற்றுமையைத் தீர்த்துவைப்பார். இன்று கணினிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. கணினிக்கு இராசையாவும் ராஜையாவும் இருவர். ஆதலின் பிழை திருத்தும் உரிமை எங்கள் மாவட்டத்தாருக்கு நூலறிவுக்குரிய விவாதமன்று. பரீட்சை எழுதவும் உதவித்தொகை பெறவும் காணி உரிமை நிறுவவும் அன்றாடம் வேண்டிய கருவி.

இன்னும் பெரியதோர் ஏடு ஆயத்தமாகின்றது. விரல்ரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதியும் எண்முறை அடையாள அட்டைத் திட்டத்துக்காக 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. இதனாற் பல நன்மைகள் உண்டு. அலைச்சல் குறையும், ஆள்மாறாட்டம் குறையும், இறங்குதுறையிலும் மருத்துவமனையிலும் காத்திருத்தல் குறையும். அவற்றை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆனால் தகர வில்லையைக் கழுத்திலிருந்து கழற்றி எறியலாம். அட்டை தொலைந்தால் வேறொன்று பெறலாம். ரேகையை மாற்ற முடியாது. அத்தகைய ஏட்டைத் திறக்கு முன் அதைக் காக்கும் சட்டம் முழு வலுவுடன் இருத்தல் வேண்டும் என்று கேட்பது குடிகளின் உரிமையும் கடமையுமாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அந்தரங்கம் என்னும் நற்பெயரை அரசாங்கம் தன் கதவைச் சாத்துதற்குப் பயன்படுத்துதலும் கூடும். இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தரவுச் சட்டம், அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்திலே தனிப்பட்ட செய்தி பற்றிய பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அப்பிரிவில் இருந்த வாசகத்தை நீக்கிற்று. ஒப்பந்தக்காரரின் பெயரைக் கேட்டாலும் அது தனிப்பட்ட செய்தி என்று மறுத்துவிடுவர் என அங்குள்ள தகவல் உரிமையாளர் அஞ்சுகின்றனர். ஓலைக்குரிய பாதுகாப்பைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டால், குடிகளின் வீடு திறந்தும் அரசின் மாளிகை அடைத்தும் கிடக்கும். மன்னார்க் கரை நெடுங்காலம் கண்டது அந்த நிலையைத்தான். தொழிலாளியைப் பற்றித் துரைக்கு எல்லாம் தெரிந்தது. துரையின் கணக்கைப் பற்றித் தொழிலாளிக்கு ஒன்றுந் தெரியவில்லை.

ஆகவே, நேயர்களே, எவரேனும் உங்கள் அட்டையைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டால், இஃது எதற்கு, எவரிடம் இருக்கும், எத்தனை காலம் இருக்கும், பிழை இருப்பின் நான் எவரிடம் செல்வது என நான்கு கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. அவ்வாறே, உங்கள் ஊரின் பாதைக்கும் இறங்குதுறைக்கும் பாடசாலைக்கும் ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அதற்கும் சட்டம் உங்கள் பக்கத்தில் நிற்கின்றது. பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து, பிள்ளைகளின் பெயர் எல்லா ஏடுகளிலும் ஒன்றாக இருக்கின்றதா என்று இவ்வாரமே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபட்டிருப்பின், தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தலைமன்னாரில் கப்பலேறிய அந்த மக்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.